"வீட்லதானே இருக்கே?" – மென்பொருள் எழுதும் ஒரு பீடோங் அம்மாவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது இருப்பது அதே ஊரில், ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலை தெரியும் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். மென்பொருள் எழுதுவதுதான் 11 வருஷமாக என் தொழில். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், பாலர் பள்ளிக்குப் போகும் மகன், ஷிப்ட் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், கூடவே அம்மா. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

"வீட்லதானே இருக்கே, அப்படி என்ன வேலைம்மா அது?"

சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு செக்ரோல் தெரிந்திருக்கும். யார் பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு) வந்தார்கள், முழு நாளா அரை நாளா, எத்தனை கிலோ ரப்பர் பால் என்று கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒரு நீளமான புத்தகத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் அந்தப் புத்தகம் சொல்வதுதான் சம்பளம். அந்தச் செக்ரோலைத்தான் நான் கணினிக்குள் எழுதுகிறேன்.

சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு. முதலாளி பங்கு, சம்பளம் 5,000 ரிங்கிட் வரை 13, அதற்கு மேல் 12. அப்புறம் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வருமான வரிப் பிடித்தம், ஓவர்டைம், பாதி மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், லீவு முடிந்து திரும்பிய தாய். ஒரு சென் பிசகினாலும் எங்கோ ஒருவர் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளிப்பார். இதை அம்மாவிடம் விளக்கியபோது, "அப்போ நீ கிராணி வேலை பாக்குறே" என்றார். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அவர் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில் கிராணி நாற்காலி எங்கள் குடும்பத்துக்கு எட்டாத உயரம்.

வீட்டில் இருக்கிறேன் என்பதால் சும்மா இருக்கிறேன் என்று ஆகிவிடாது. காலை 9 முதல் மாலை 6 வரை நான் ஆபீசில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்) வந்தால் வாங்கி வைக்கவும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளவும் மறுக்க மனம் வராது. ஒவ்வொன்றும் சின்ன உதவிதான். ஆனால் ஒரே நாளில் ஆறு வந்துவிட்டால், அன்றைய வேலை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் தொடங்கும்.

"அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு ஏன் ரெண்டு மணி நேரம் ஆக்குறே?"

வீட்டுக்காரரின் கேள்வி. நியாயமான கேள்வி.

மார்கழியில் அம்மா வாசலில் புள்ளிக் கோலம் போடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நிமிராமலே "இரு" என்பார். அந்த நேரத்தில் கோலம் தரையில் பாதி, அவர் மனத்தில் பாதி. எந்தப் புள்ளியைச் சுற்றி வந்தோம், கோடு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது விரலில் நிற்கிறது. நிமிர்ந்தால் கலைந்துவிடும். நிரல் எழுதுவதும் அப்படித்தான். பிழை எங்கே என்று தேடும்போது எட்டுப் பத்து விஷயங்களை ஒரே சமயத்தில் தலைக்குள் பிடித்துக்கொண்டிருப்பேன். "அம்மா, தண்ணி" என்ற குரல் கேட்டதும் அத்தனையும் சரிந்துவிடும். திரும்ப அடுக்க அரை மணி நேரமாவது ஆகும்.

இதில் பிள்ளைகள் மேல் எந்தத் தவறும் இல்லை. தாகம் எடுத்தால் அம்மாவைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள்? தவறு, "அஞ்சு நிமிஷம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்ன என்னுடையது. இப்போது தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்கிறேன்: "இது எப்போ முடியும்னு எனக்கே தெரியல. நீங்க சாப்பிட்டுடுங்க." கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், காத்திருந்து ஏமாறுவதைவிட இது நல்லது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"சனி, ஞாயிறு லீவுதானே? அப்போ பிள்ளைங்களோட இருக்கலாமே?"

கோலாலம்பூர்க்காரர்கள் கேட்பார்கள். கெடாவில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் அப்படித்தான். ஜொகூர் மட்டும் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை 7.30-க்கெல்லாம் என் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். என் நிறுவனமோ திங்கள் முதல் வெள்ளி வரை. ஆக, வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில், நான் வேலையில். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில், அவர்கள் பள்ளியில். எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அதிலேயே டியூஷன், மார்க்கெட், காது குத்து, கருமாதி எல்லாம் வந்து விழும்.

வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று ஒரு காட்சி சொல்கிறேன். காலை 10 மணிக்குக் குழுவில் எல்லோரும் ஒவ்வொருவராக, நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். என் முறைக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். கழிவறையிலிருந்து மகன், "அம்மா, முடிஞ்சிருச்சு, கழுவி விடு!" என்று கத்துகிறான். அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. ஆனால் "லைன் சரியில்லையா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் அன்று முழுக்க உறுத்தியது. பிள்ளையைக் கழுவிவிடப் போனேன் என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? அடுத்த வாரத்திலிருந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் இருக்கும் இரண்டு அப்பாக்களும் இப்போது அப்படியே சொல்கிறார்கள்.

"உங்க வேலையில அப்படி என்ன தலைவலி? சும்மா தட்டுறதுதானே?"

ஒரே ஒரு பிழையைச் சொல்கிறேன்.

தொழிலாளர் சிலரின் பிறந்த தேதி எங்கள் மென்பொருளில் ஒருநாள் முன்னால் காட்டியது. மார்ச் 1-இல் பிறந்தவர் பிப்ரவரி 28-இல் பிறந்ததாகத் தெரிந்தது. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி என்பதால் பார்த்த உடனே புகார் வந்துவிடும். எல்லோருக்கும் இல்லை, வயதானவர்களுக்கு மட்டும். 60 வயதைத் தொடும்போது சேமநிதிப் பிடித்தமே மாறுகிறது. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு ஒருநாள் முன்னால் போனால் ஒரு மாதம் முன்கூட்டியே கணக்கு மாறிவிடும். விளையாட்டில்லை.

மூன்று ராத்திரி தேடினேன். கடைசியில் பார்த்தால், பாதிக்கப்பட்ட எல்லோரும் 1982-க்கு முன்னால் பிறந்தவர்கள். தீபகற்ப மலேசியாவின் நேரம் அதுவரை உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியை 12 ஆக்கினார்கள். அன்றிலிருந்துதான் எட்டு மணி நேரம். எங்கள் நிரலின் ஒரு பகுதி எல்லாக் காலத்துக்கும் எட்டு என்று வைத்துக்கொண்டு நள்ளிரவு 12 மணியைச் சேமித்தது. இன்னொரு பகுதி பழைய வரலாறு தெரிந்தது. அது அதே நேரத்தை முந்தின நாள் இரவு 11.30 என்று படித்தது. தொலைந்த ஒருநாள் அந்த அரை மணி நேரத்துக்குள் இருந்தது. பிறந்த தேதியோடு மணியைச் சேர்த்து வைத்ததே தப்பு. தேதியைத் தேதியாக மட்டும் வைத்தோம், தீர்ந்தது.

மறுநாள் காலை பசியாறும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "ஆமா, கடிகாரத்த மாத்துனாங்க. அதுக்கப்புறம் பெரட்டுக்குப் போறப்போ இருட்டு கூடிப்போச்சு" என்றார். மணி அதேதான், சூரியன்தான் அரை மணி நேரம் பிந்தியது. மூன்று ராத்திரி நான் திரையில் தேடியது, பக்கத்து அறையில் தூங்கிய அம்மாவுக்கு உடம்பால் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று ராத்திரியும் மகளுக்குக் கதை சொல்லித் தூங்க வைத்தவர் அவர்தான்.

"தீபாவளிக்குமா வேலை?"

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதே அக்டோபர் சம்பளத்திலிருந்துதான் அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயமானது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. நல்ல விதி, எங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டங்களில் உழைப்பவர்களை நினைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் விதி மாறும் மாதத்தில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆன 2025 பிப்ரவரிக்கான வேலையும் பொங்கல் வாரத்தில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நாளை தீபாவளி. அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். சும்மா ஒரு தடவை சோதித்துப் பார்ப்போம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். "குடிமகனா?" என்று நிரல் கேட்கிறது. இல்லை என்றால் 2 விழுக்காடு. அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். எனக்கு உடனே பெரியம்மா ஞாபகம் வந்தது. இந்த மண்ணிலேயே பிறந்து, பல வருஷம் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர். சிவப்பு அட்டைக்காரர் குடிமகன் அல்ல, ஆனால் நிரந்தரவாசி. சேமநிதியில் 60 வயது வரை அவருக்குக் குடிமக்களின் விழுக்காடுதான். நிரல் அப்படியே போயிருந்தால் அந்த வயதுக்குள் இருக்கும் சிவப்பு அட்டைக்காரர் அத்தனை பேருக்கும் 11 இருக்க வேண்டிய இடத்தில் 2 போயிருக்கும்.

திருத்தி, சோதித்து, அனுப்பும்போது மணி 2.30. ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல். கண்ணெல்லாம் எரிந்தது. அந்தத் திருத்தத்தைச் செய்ததில் எனக்கு வருத்தமே இல்லை, அதை நான்தான் பார்த்திருக்க முடியும். என் மனக்குறை வேறு. அந்த வெளியீட்டுத் தேதியைக் குறித்த கூட்டத்தில் குழுவிலுள்ள தமிழர் ஒருவரிடம்கூட "உங்களுக்குத் திருநாள் எப்போது?" என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. இப்போது வருஷத் தொடக்கத்திலேயே பொங்கல், தைப்பூசம், தீபாவளி மூன்றையும் குழுவின் நாட்காட்டியில் நானே குறித்துவிடுகிறேன். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் சேர்த்தே.

"சட்டப்படி ஏதாவது கேக்க முடியுமா அக்கா?"

தொழிலில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிகள் கேட்பது. முடியும், கொஞ்சம்.

1955 வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தன. வாரத்துக்கு 48 மணி நேரம் இருந்தது 45 ஆனது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள். மணமான தந்தைக்கு 7 நாள், அதற்கு ஒரு வருஷமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு ஓவர்டைம் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் தொழிலில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். அதனால்தான் ராத்திரி அழைப்புகளுக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. வேலைக்குச் சேரும் முன்பே ஒப்பந்தத்தில் "அழைப்புக் கடமை" என்ன, அதற்கு மாற்று லீவு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

நான் விண்ணப்பித்தேன். வெள்ளிக்குப் பதில் ஞாயிறு வேலை செய்கிறேன் என்று ஒரு பக்கம். 50 நாளுக்குப் பிறகு மறுப்பு வந்தது: வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் அழைப்புகள் அதிகம். காரணம் கையில் இருந்ததால் அதற்குப் பதில் எழுத முடிந்தது. வெள்ளி மதியத்துக்குப் பிறகு அழைப்புகள் குறைவு என்று மூன்று மாதக் கணக்கை எடுத்துக் காட்டினேன். இப்போது வெள்ளி மதியம் 1 மணியோடு முடிக்கிறேன். மிச்சத்தை ஞாயிறு காலை, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பார்க்கிறேன். பாதி வெற்றி. அந்தப் பாதியில்தான் மகனுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன்.

"பினாங்குக்கோ கேஎல்லுக்கோ போய்ட்டா என்ன?"

போயிருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வேலை. விடியுமுன் கிளம்பி, பாலத்தைக் கடந்து, திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கு வராமல் அம்மாவைத் தேடி அழுதாள். அதற்குமேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. தலைநகரில் கூட்டம் என்றால் சுங்கைப்பட்டாணியில் இடிஎஸ் ரயில் ஏறிவிடுவேன்.

"கரண்டு, லைன் எல்லாம் ஒழுங்கா இருக்கா?"

தாமானுக்குள் பரவாயில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் தோழி இன்னும் கைபேசி சிக்னலுக்காக வாசல் படியில்தான் உட்காருகிறாள். பருவம் மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் ஜெராய் பக்கம் கறுத்தால் இடி நிச்சயம். பிளக்கைக் கழற்றிவிடுவேன். இடியில் ஒரு மோடம் கருகிப் போனபோது கற்றுக்கொண்டது.

"வீட்டுக்காரர் உதவி செய்றாரா?"

"உதவி" என்ற சொல் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. அவர் தொழிற்சாலை ஷிப்ட் அட்டவணையும் என் மாதக் கடைசி நாட்களும் சமையலறைச் சுவரில் ஒரே தாளில் ஒட்டியிருக்கின்றன. 25-ஆம் தேதிக்கு மேல் எனக்குச் சம்பளக் கணக்குக் காலம், அப்போது சமையலும் பள்ளிக்கூட மோட்டாரும் அவருடையது. அவருக்கு ராத்திரி ஷிப்ட் வரும் வாரம் பகலில் வீடு சத்தமில்லாமல் இருப்பது என் பொறுப்பு. இரண்டும் ஒரே வாரத்தில் மோதும்போது சண்டை வரும். போன மாதம் வந்தது, சோறு யார் வடிப்பது என்பதற்காக. உண்மையில் இரண்டு பேருக்கும் தூக்கம் போதவில்லை.

"என் மகளும் இதைப் படிக்கலாமா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளையாச்சே?"

தாராளமாக. நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிதான். கணக்கில் பொறுமையும், படித்ததைத் தன் சொல்லில் விளக்கும் பழக்கமும் இருந்தால் போதும், ஆங்கிலம் படிக்கப் படிக்க வரும். கூலிம், ஜித்ரா பாலிடெக்னிக்குகள் அருகில் இருக்கின்றன, பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடுமே என்று பயப்படுபவர்களுக்கு: எனக்கும் அது வேகமாக எழுதித் தருகிறது. ஆனால் சிவப்பு அடையாள அட்டை என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் எங்கே வருவார் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தோட்டத்திலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

"அம்மா, இன்னிக்கு வேலை எப்போ முடியும்?"

மகளின் கேள்வி, தினமும்.

என் அம்மா விடியற்காலை என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார். அழுதிருக்கிறேன். ஆனால் ஸ்டோரில் பால் நிறுத்து முடிந்து, பால் பிடிக்கும் மங்கின் கறை படிந்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்த பிறகு அவர் முழுக்க எங்களுடையவர். மறுநாள் பெரட்டு வரை துரைகூட அவரைக் கூப்பிட முடியாது. என் வேலைக்கு நிறுவையும் இல்லை, சங்கும் இல்லை. கைபேசி எந்நேரமும் அலறலாம்.

அதனால் மகள் ஒரு வழி சொன்னாள். அறைக் கதவில் ஒரு சின்னக் கரும்பலகை. காலையில் முடியும் நேரத்தை நான் எழுத வேண்டும், மாற்றுவதாக இருந்தால் அவளைக் கூப்பிட்டு அவள் முன்னால்தான் அழிக்க வேண்டும். நேற்று 6.15 என்று எழுதினேன், 6.40 ஆகிவிட்டது. அந்த 25 நிமிஷத்தை அவள் கீழே தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றிலிருந்து கூட்டி வருகிறாள், இந்த வாரம் 1 மணி 10 நிமிஷம் பாக்கி. சனிக்கிழமை காலை மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் நம்ம கெடாதான் என்று டீச்சர் சொன்னாராம், பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். கைபேசியை நான் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பதையும் பலகையில் எழுதிவிட்டாள்.